பத்தாவது துளையும் இன்னாசியின் பர்மனென்ட்டும்

இன்னாசிக்கு ராயபுரத்தில் ஒரு வேலை இருந்தது. ஆனால் அவர் மனைவி ஹில்டாவின் அண்ணன் லியோனார்டைக் கேட்டால், அதெல்லாம் வேலையா என்பார். அவர் ரயில்வேயில் பர்மனென்ட். கல்யாண வீடுகளில் தங்கை புருஷனை அறிமுகப்படுத்தும்போது, "இவரு டெம்ப்ரவரி" என்று, ஏதோ தொத்து வியாதியைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்துவார். ஒரே கிடங்கில் நாலு வருடம் டெம்ப்ரவரியாகவே தாக்குப்பிடிப்பதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றியதே இல்லை. பர்மனென்ட் என்று எழுதிய ஒரு காகிதம் வேண்டும். இன்னாசி ஆண்டவரிடம் வேறெதையும் கேட்டதில்லை.

கிடங்கு ஒரு தாமிரக் கம்பெனியுடையது. தாமிரம் வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு மொட்டைக் குன்றுக்குள் இருந்தது, அல்லது இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். நூறு வருடத்துக்கு முன் குதிரையில் போன ஒரு வெள்ளைக்காரன் பாறையில் பச்சைக் கறையைக் கண்டு அறிக்கை எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனான். உள்ளே துளியூண்டு தாமிரம் இருந்தாலே போதும், மழைத்தண்ணீர் அதைக் கரைத்துப் பாறை முழுக்கப் பச்சை பூசிவிடும். இது தெரிந்த படிப்பாளிகள் பின்னாலேயே மூன்று பேர் போனார்கள். மூன்று பேரும் அதே பச்சையைப் பார்த்து வாயைப் பிளந்து மூன்று அறிக்கை எழுதினார்கள். அறுபத்து நாலில் கம்பெனி போய் ஒன்பது துளை போட்டது. உள்ளே கறுப்புப் பாறை, நடுநடுவே வெள்ளைக்கல் நரம்பு, அதில் அங்கங்கே துடைப்பக்குச்சி கனத்துக்கு மஞ்சளாய் மினுக்கும் செம்புத்தாது. அவ்வளவுதான்.

துளையிலிருந்து மெழுகுவத்தி மாதிரி உருண்டு நீண்டு வரும் கல்லை, வந்த ஆழத்தின் வரிசையிலேயே மரப்பெட்டியில் அடுக்கி, இடையிடையே அடிக்கணக்கு எழுதிய கட்டைகளை வைத்து, லாரியில் ராயபுரத்துக்கு அனுப்புவார்கள். முதலாளிக்கு முட்டிவலி, குன்றேற முடியாது. அந்த வரிசைதான் உயிர் என்பதை ஜியாலஜிஸ்ட் மாரியப்பன் இன்னாசியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு டெம்ப்ரவரிக்குப் பூமியின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க அவருக்கென்ன தலையெழுத்தா?

அறுபத்தெட்டு மார்ச் கடைசியில் முதலாளி வருவதாகச் சேதி வந்தது. "கிடங்கைச் சுத்தமா வை" என்று சொல்லிவிட்டு மாரியப்பன் லீவில் போய்விட்டார். இன்னாசி ஒன்பதாம் துளைப் பெட்டிகளைத் திறந்தார். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் கலந்து கிடந்தன. அவர் காசிமேட்டில் வலை இழுத்து வளர்ந்தவர். வஞ்சிர மீனோடு காரப்பொடி என்ற பொடிமீனைக் கலந்து வைத்தால் ஏலக்காரன் அந்தக் கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். இனம் பிரித்து, பெரியதை மேலே வைப்பதுதான் கரையில் மரியாதை.

"இன்னா இப்டி கலீஜா கீது" என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்று நாள் குந்திப் பிரித்தார். கறுப்பும் வெள்ளையும் பதினொரு பெட்டி. மினுக்குவதெல்லாம் ஒரே பெட்டி. அடிக்கணக்குக் கட்டைகளை, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று சாணுக்கு ஒன்றாக வைத்தார்.

லீவு முடிந்து வந்த மாரியப்பனோடு கிடங்குக்குள் நுழைந்த முதலாளி, அந்த ஒரு பெட்டியின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. "இடைவிடாம இவ்வளவு தாதுவா?" என்றார். ஒன்பதாம் துளையை அடி அடியாக நோட்டில் எழுதியவரே மாரியப்பன்தான். அவருக்கு முகம் வெளுத்தது. ஆனால் வாய், "ஆமாங்க சார், நல்லா வந்திருக்கு" என்றது.

முதலாளியின் கார் போனதும் மாரியப்பன் இன்னாசியைப் பிடித்துக்கொண்டார். "யாருய்யா இதைக் கலைச்சது?"

"கலைக்கல சார். பிரிச்சி வச்சேன்."

"எந்த ஆழத்துல எது இருந்துச்சுன்னு இனிமே பெட்டியைப் பாத்து எவனுக்குய்யா தெரியும்?"

"அப்ப மொதலாளியாண்ட சொல்லிடலாமா சார்?"

"வாயைத் திறந்தே, தொலைஞ்சே. சும்மா இரு. உன் பர்மனென்ட்டுக்கு நானே எழுதறேன்."

இன்னாசி சும்மா இருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட அதைச் சொல்லவில்லை.

அந்த ஒரு பெட்டியை நம்பிப் பத்தாவது துளையை மாலை போட்டு, தேங்காய் உடைத்து ஆரம்பித்தார்கள். அறுநூறு அடி போனார்கள். கறுப்புப் பாறை வந்தது, மறுபடி கறுப்புப் பாறை வந்தது. டைரக்டர்கள் கூடி, இதற்குப் பொறுப்பு யார் என்று கேட்டார்கள். பெட்டியைக் கலைத்தவன் இன்னாசி என்று சொல்லிவிடலாம், ஆனால் அங்கேதான் சிக்கல். டெம்ப்ரவரி எதற்கும் பொறுப்பாக முடியாது, கம்பெனி காகிதத்தில் அவன் ஆளே இல்லை. அவனை விட்டால் அடுத்து நிற்பவர் மாரியப்பன். நாலு அறிக்கை படித்துத் தேறிய மூளை, வழி கண்டுபிடிக்காமலா போகும்?

ஆகஸ்டில் உறை வந்தது. இங்கிலீஷ் காகிதம், ஹில்டாதான் படித்தாள். மார்ச் ஒன்றாம் தேதி முதல் இன்னாசி, கம்பெனியின் பர்மனென்ட் கிடங்குக் காப்பாளர். இன்னாசி சிலுவை போட்டுக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

"இன்னொரு தாளும் கீதுய்யா" என்றாள் ஹில்டா. அதையும் படித்தாள். பர்மனென்ட்டும் பொறுப்பும் உள்ள பணியாளராக இருந்தும் பெட்டிகளைக் கலைத்துக் கம்பெனிக்குப் பெருநஷ்டம் விளைவித்ததால், ஆகஸ்டு பதிமூன்றோடு வேலைநீக்கம். இரண்டிலும் மாரியப்பன் கையெழுத்து.

இன்னாசி முதல் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, "அப்ப நான் பர்மனென்ட்டுதானே?" என்றார்.

"ஆமாய்யா" என்றாள் ஹில்டா. "மார்ச்சு ஒண்ணுலேர்ந்து நேத்து வரிக்கும்."