வலது தோள், இடது கண்

துப்பாக்கிக் கடைக்கு வருகிறவர்கள் வழக்கமாக முதலில், "கையில எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். சர்வேயர் கேட்டது வேறு.

"தராசு இருக்கா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "பார்சல் எடை போடுறது ஒண்ணு இருக்கு சார்."

"அது போதும்."

முப்பத்தொரு வருடம் நிலம் அளந்தவர். முக்காலியை ஊன்றி, அதன் மேல் தொலைநோக்கியைப் பூட்டி, எதிரே தூரத்தில் நட்ட அளவுகோலின் எண்ணைப் படித்து எழுதுவதுதான் பிழைப்பு. அந்தக் கோலைப் பிடித்து நின்றவர் அவருடைய உதவியாளர். வெயிலிலும் தூறலிலும் அசையாமல் நின்று நின்று, அலுவலகத்தில் அவருக்குக் 'கம்பம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. போன வருடம் சர்வேயரின் முழங்கால் தேய்ந்தது. வரைபட அறையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை.

அவர் கடைசியாக வெளியே போய் அளந்தது ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தின் எல்லையை. அங்கே சிலர் குப்புறப் படுத்து, ஐம்பது மீட்டர் தள்ளியிருந்த காகித அட்டையைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். படுத்துச் சுட முழங்கால் தேவையில்லை என்பது உடனே அவருக்கு உறைத்தது.

"இந்த வயசுல துப்பாக்கி எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து எழுதிக் குடுத்தேன். நான் பார்த்த இடத்துக்கு ஒண்ணும் போனதில்ல. ஒரு தடவையாவது நான் பார்க்கிற இடத்துக்கு ஏதாவது நேராப் போய்ச் சேரணும்."

"ஏன், நீங்க கண்ணைக் காட்டினா நான் கடைக்குப் போறேனே, அது கணக்குல வராதா?"

சிரித்துக்கொண்டேதான் துப்பாக்கி உரிம விண்ணப்பத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

சங்கத்தில் மூன்று வாரப் பாதுகாப்பு வகுப்பு. வெற்றுத் துப்பாக்கியைத் திறப்பது, மூடுவது, எந்தப் பக்கம் திருப்பக்கூடாது என்பது மட்டும்தான் பாடம். சுடுவது அவரவர் சொந்தத் துப்பாக்கியில். வகுப்பின் கடைசி நாளில் பயிற்சியாளர் அம்மா எல்லோருக்கும் ஒன்றே ஒன்று சொன்னார்: "வாங்குறதுக்கு முன்னாடி கன்னத்துல வெச்சுக் குறி பாருங்க. பிடிக்கலைன்னா வெச்சுட்டு வந்துருங்க. நம்பர் உரிமத்துல ஏறிட்டா மூணு வருஷத்துக்கு மாத்த முடியாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். சர்வேயர் குறிப்பேட்டில் எழுதியும் வைத்துக்கொண்டார்.

கடையில் ஆறு துப்பாக்கிகளைத் தராசில் வைத்து எடை பார்த்தார். டேப்பால், தோளில் பதியும் முனையிலிருந்து விசை வரை அளந்தார். தன் கையையும் அளந்தார். கம்பம் பக்கத்தில் நின்று எண்களை எழுதினார்.

"சார், கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்தப்பகூட நீங்க இவ்வளவு பார்த்திருக்க மாட்டீங்க."

"அப்ப டேப் கொண்டு போகலையே."

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றில் தோளில் பதியும் மரக்கட்டை சாதாரண நேர்க்கட்டை. "முதல் துப்பாக்கிக்கு இதைத்தான் சார் நிறைய பேர் எடுப்பாங்க. எந்தத் தோளுக்கும் ஒத்துவரும்" என்றார் கடைக்காரர். மற்றதில் வலது கைக்காரருக்கென்று கன்னம் பதியக் குழிவும், உள்ளங்கைக்கு மேடும் செதுக்கியிருந்தார்கள். சர்வேயர் அளந்து எழுதிய எண்கள் அத்தனையும் அதில் அச்சாகப் பொருந்தின. தைத்துப் போட்ட சட்டை மாதிரி.

"சுவத்துல கறுப்புப் புள்ளி இருக்கு. ஒரு தடவை குறி பார்த்துடுங்க" என்றார் கடைக்காரர்.

"கருவிய கடைக்குள்ள பார்க்கக்கூடாது தம்பி. நாலு சுவத்துக்குள்ள எல்லாக் கருவியும் சரியாத்தான் தெரியும். வெளிய கொண்டுபோய், தெரிஞ்ச தூரத்துல வெச்சுப் பார்த்தாத்தான் அதோட லட்சணம் தெரியும்."

அவர் தொழிலில் அது வேதவாக்கு. எத்தனையோ இளம் சர்வேயர்களை அதைச் சொல்லியே திட்டியிருக்கிறார். குறி பார்க்காமலே குழிவுக் கட்டையை வாங்கினார்; அதன் நம்பர் உரிமத்தில் ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தில் பாயில் படுத்தார். கட்டை தோளில் அமர்ந்தது. கன்னம் குழிவில் அமர்ந்தது. இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தார். அட்டை தெரியவில்லை. ஈரத் துணிக்குப் பின்னால் யாரோ விளக்கு வைத்த மாதிரி ஒரு வெள்ளை மட்டும்.

"மேடம், இதுல குறி பார்க்கிற பாகம் பழுது."

பயிற்சியாளர் அம்மா படுத்து ஐந்து தோட்டாக்களைச் சுட்டார். ஐந்தும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கின.

"துப்பாக்கி தங்கம் சார். இடது கண்ணை மூடி என் முகத்தைப் பாருங்க. என்ன தெரியுது?"

"நீங்கதான்."

"நான்னு தெரியும் சார். மூக்கு தெரியுதா?"

அவர் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். துணைக்கு வந்திருந்த கம்பம்தான் மெதுவாகச் சொன்னார்: "சார் எப்பவும் இடது கண்ணுலதான் கருவி பார்ப்பாரு. வலது கை எழுதணுமில்ல, அதனாலன்னு நினைச்சேன்."

சர்வேயரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

கண் மருத்துவர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். பிறவியிலேயே சோம்பிய கண். மூளை அதைச் சின்ன வயதிலேயே ஒதுக்கி வைத்துவிட்டது. ஆறேழு வயதில் பார்த்திருந்தால் பழக்கியிருக்கலாம். இனிக் கண்ணாடி போட்டாலும் பெரிய பலன் இருக்காது.

"வேலையில சேரும்போது பரிசோதனை பண்ணியிருப்பாங்களே?"

பண்ணினார்கள். முதலில் வலது கண்ணை மறைத்து, இடது கண்ணால் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். அடுத்து இடது கண்ணை மறைத்தபோது, கடைசி வரி வரை அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ஏமாற்ற நினைக்கவில்லை. ஒருமுறை படித்ததை மறப்பது அவருக்கு வராது. கடைசி வரி வரை தடுமாறாமல் சொன்னதற்காகவே அன்று பாராட்டி வேலை கொடுத்தார்கள்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு..." என்று ஆரம்பித்த மனைவி, பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இடது தோளில் வைத்துப் பார்த்தார். கன்னத்துக்கான குழிவு மறுபக்கம் இருந்தது. இந்தப் பக்கம் கட்டை தாடையை இடித்துத் தலையை வெளியே தள்ளியது. தச்சரிடம் கொடுத்து இழைக்கலாமா என்று உரிம அலுவலகத்தில் கேட்டார்.

"கட்டையோட விவரமும் உரிமத்துல இருக்கு. கை வெச்சா உரிமம் செல்லாது" என்றார் எழுத்தர்.

"வேற ஒண்ணு மாத்தி..."

"மூணு வருஷம்."

"கண்ணு தெரியலைன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு."

எழுத்தர் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதை உள்ள வைங்க சார். அதைக் காட்டினா உரிமத்தையே ரத்து பண்ணிடுவாங்க."

சர்வேயர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரையும் கோபித்துக்கொள்ள வழியில்லை. கடைக்காரர் சொன்னார். பயிற்சியாளர் சொன்னார். அவர் எழுதியும் வைத்திருந்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் துப்பாக்கியைக் கொண்டுவந்து நம்பரைக் காட்ட வேண்டும் என்பது சங்க விதி. கொண்டுபோனார். பெட்டியைத் திறந்தார். நம்பரைச் சரிபார்த்தார்கள். மூடினார்.

மூன்றாவது ஞாயிறு பயிற்சியாளர் அம்மா முக்காலியில் இருந்த தொலைநோக்கியைக் காட்டி, "சார், ஏழாம் நம்பர் பாய்க்காரங்களுக்கு எங்க விழுதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார்.

முக்காலியின் காலை அவர் கை தானாகவே சரிசெய்தது. இடது கண் தானாகவே போய் ஒட்டிக்கொண்டது. அட்டை முகத்துக்கு நேரே வந்து நின்றது, ஓட்டையின் ஓரத்தில் காகிதம் பிசிறியிருந்தது வரை.

"வலது பக்கம் ஒரு விரக்கடை. அரை விரக்கடை மேல."

ஏழாம் பாயில் இருந்த பெண் குறி பார்க்கிற பாகத்தின் திருகாணியைத் திருகினாள். அடுத்த தோட்டா நட்ட நடுவில் போய் விழுந்தது.

"சார், நீங்க வந்தீங்க, பிழைச்சேன்!"

அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த பாய்க்காரர் கூப்பிட்டார். பிறகு அதற்கடுத்தவர். அவருடைய பெட்டி பூட்டியபடி காலடியில் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவைத் திறந்தபடியே கேட்டாள். "இன்னைக்காவது பட்டுச்சா?"

"பட்டுச்சு. நடுவுலயே."

"உங்களதா?"

அவர் துப்பாக்கி வைக்கும் அலமாரியின் சாவியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.