கம்பெனி தொடங்கிய செலவில் நான் எழுதாமல் விட்டவை

1. அண்ணன் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் பார்த்துவந்த, கணக்கெழுதும் கிராணி வேலையை விட்டார்.
2. வேலையை விட்டதால் பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்கு இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம்.
3. ஏழு பேர் கையெழுத்திட்டார்கள். லோரிப் போக்குவரத்துக்காக ஒரு லிமிடெட் கம்பெனி பதிவாயிற்று.
4. தவணையில் இரண்டு லோரிகள் வந்தன. மூன்று ஆண்டுகள் ஓடின.
5. ரப்பர் விலை விழுந்தது. தவணைக்குக் கொடுத்தவர்கள் லோரிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.
6. கம்பெனி கலைந்தது. சட்டப்படி பங்குதாரர்களுக்கு அண்ணன் எதுவும் தரவேண்டியதில்லை.
7. அண்ணன் தந்தார். ஐந்து ஆண்டுகள் தந்துகொண்டே இருந்து, சென்ற ஆண்டு, தம் நாற்பத்தொன்றாவது வயதில் காலமானார்.

அண்ணனின் நினைவாக அச்சிட்ட இம்மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் ஆறாவதற்கும் ஏழாவதற்கும் இடையில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். சட்டமே விட்டுவிட்ட பிறகு எதற்காக அவர் தம்மை வருத்திக்கொண்டார் என்பது அவர்கள் கேள்வி. அண்ணியிடம் அதைக் கேட்க வேண்டாம். பதில் எனக்குத் தெரியும். அண்ணனின் ஒரே தங்கை என்ற முறையிலும், அந்தக் கம்பெனியின் தாள்களை டைப் செய்தவள் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஆறு வயதில் தாய் தந்தையருடன் கப்பலேறி வந்தார். அப்பா கிள்ளானில் தண்டவாளம் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார். நான் அங்கே ரயில்வே லயத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் ஓர் ஆண்டு இடைவெளியில் காய்ச்சலில் போனபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஏழு. ஆங்கிலப் பள்ளியில் படித்திருந்ததால் கோலாலம்பூர் கூட்ஸ் ஷெட்டில் அவருக்குக் கிராணி வேலை கிடைத்தது. என்னை அழைத்துக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியுடன் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார்.

என்னைப் பள்ளியில் சேர்த்தார். பிறகு டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து, கணக்குப் பதிவு மூன்றுக்கும் அனுப்பினார். எங்கள் சித்தப்பா முறையுள்ள ஒருவர் வீட்டுக்கு வந்து, "பொம்பளப் புள்ளைக்கு டைப்பிங் எதுக்குடா? மாப்பிள்ளைக்கு லெட்டர் அடிக்கவா?" என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"அடிக்கட்டுமே, சித்தப்பா. தப்பில்லாம அடிப்பா" என்றார் அண்ணன்.

அந்தப் படிப்பால்தான் எனக்கு ஒரு லாயர் ஆபீஸில் வேலை கிடைத்தது. அங்கே கம்பெனிகள் பதிவாவதைப் பார்த்தேன். வீட்டில் வந்து சொன்னேன். கூட்ஸ் ஷெட்டில் சரக்கு வந்து இறங்கியும் தோட்டங்களுக்குக் கொண்டுபோக லோரி கிடைக்காமல் கிடப்பதை அண்ணன் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி என்ற எண்ணம் அவர் பார்த்ததும் நான் சொன்னதும் சேர்ந்து பிறந்தது. இதில் என் பங்கை மறைக்க விரும்பவில்லை.

எங்கள் ஆபீஸின் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். என்ன செலவாகும் என்று அண்ணனுக்காக அவரிடம் கேட்டபோது, ஒரு தாளைப் போட்டு டைப் செய்யச் சொன்னார். பதிவுக் கட்டணம், ஸ்டாம்பு, லாயர் கூலி, கம்பெனி முத்திரை, கூட்டக் குறிப்புப் புத்தகம், பங்குதாரர் புத்தகம், பெயர்ப்பலகை. நான் நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை.

"ஆக்கள் எல்லாரும் பதிவுக் காசைத்தான் கேட்பினம், பிள்ளை. பதிஞ்ச பிறகு வருஷா வருஷம் கம்பெனி சாப்பிடுறதை ஒருத்தரும் கேட்கிறேல்லை. கணக்குச் சரிபார்க்கிற ஓடிட்டருக்கு எழுதும். வருஷ அறிக்கைக்கு எழுதும். தொழில் நடக்காட்டிலும் அதுகளைக் கட்டத்தான் வேணும்."

எழுதினேன். கூட்டிப் பார்த்து அடிக்கோடு போட்டேன். அண்ணன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்திட ஏழு பேர் வேண்டும் என்பதையும் சொன்னேன். அண்ணன், அண்ணி, நான் என வீட்டில் மூவர் இருந்தோம். இன்னும் நால்வர் வேண்டும்.

அந்த நால்வரையும் உங்களில் பலர் அறிவீர்கள். ரயில்வேக்காரர்களுக்குச் சாப்பாடு போடும் மெஸ் நடத்திய ராக்கம்மா அக்கா. சிக்னல்மேன் சேவியர். கேரி தீவிலிருந்து மாதம் ஒருமுறை வந்துபோகும் கங்காணி. கம்பெனியில் டிரைவராகச் சேரவிருந்த வீரமுத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், ராக்கம்மா அக்கா மெஸ்ஸிலேயே கூடினோம். நான் தாள்களை மேசையில் விரித்தேன்.

"லிமிட்னா என்னாண்ணே, வேகத்துக்கா?" என்று வீரமுத்து கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணன் பொறுமையாக விளக்கினார். "கம்பெனி கடன்பட்டா, கடன்காரன் கம்பெனியத்தான் கேக்கணும். உன் வீட்டுப் பானை சட்டியக் கேக்க முடியாது. நீ போட்ட பங்கோட உன் பொறுப்பு முடிஞ்சிச்சு."

"அது சரி தம்பி. போட்ட பங்கு?" என்றார் ராக்கம்மா அக்கா.

அண்ணன் தாள்களை அடுக்கத் தொடங்கினார். அக்கா விடவில்லை.

"கம்பெனி படுத்துட்டா, போட்டது போனதுதானா?"

அதற்கு விடை என் தாளிலேயே இருந்தது. 'ஆமாம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

கங்காணி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "சீட்டுப் புடிக்கிறவன்கூட ஒரு வார்த்தை சொல்லுறான். யாரு ஓடினாலும் நான் இருக்கேன்னு சொல்லுறான். கம்பெனிக்காரனுக்கு வார்த்தையே கெடையாதா?"

ராக்கம்மா அக்கா எழுந்துபோய், முருகன் படத்துக்கு முன்னால் இருந்த தட்டை எடுத்துவந்து அண்ணன் முன்னால் வைத்தார். அதில் கற்பூரம் இருந்தது.

"எனக்கும் சேத்து ஏத்து, மாப்ளே. எங்க சாமி கோவிச்சுக்காது" என்றார் சேவியர்.

அண்ணன் ஏற்றினார். சுடரின் மேல் கைவைத்துச் சொன்னார்: "நீங்க போட்டது போவாது. கம்பெனி தராட்டி நான் தரேன்."

பிறகு நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சீட்டுப் பிடிப்பவர் சொல்ல வேண்டிய வார்த்தை அது. கம்பெனி தொடங்குபவர் சொல்லக் கூடாதது. அன்று ஆறு பேருக்குப் பொறுப்பு வரம்புக்குள் இருந்தது. ஒருவருக்கு மட்டும் வரம்பு அந்தச் சுடரோடு போயிற்று. அந்த அறையில் இது தெரிந்தவள் நான் ஒருத்தி. கையெழுத்துகள் குறைந்துவிடக் கூடாது என்று வாயைத் திறக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் நன்றாகவே நடந்தன. கிள்ளான் துறைமுகத்திலிருந்து அரிசியும், காப்பாரிலிருந்து கருவாடும் தோட்டங்களுக்குப் போயின. முதல் லோரிக்கு அண்ணி தம் கையால் மாலை கட்டிப் போட்டார். ஆள் குறைந்த நாள்களில் அண்ணனே மூட்டை ஏற்றுவார், மூட்டைமேல் உட்கார்ந்தே போவார். ரயில்வே கேட்டில் நிற்கும் சேவியர் விடமாட்டார். "டைரக்டர் ஐயா எங்க உக்காந்து போறாரு பாருங்கடா!" என்று கத்துவார்.

"கம்பெனிக்கு உடம்பு கெடையாதாம், மாப்ளே. என் தங்கச்சி சொல்றா. அதான் என் உடம்பக் குடுத்திருக்கேன்" என்று அண்ணன் மேலிருந்தே பதில் சொல்வார்.

பிறகு ரப்பர் விலை விழுந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. நீங்கள் எல்லாரும் அதன் வழியே வந்தவர்கள். தோட்டங்கள் ஆட்களை நிறுத்தின. நிறுத்தப்பட்டவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். லோரிகள் போன மறுவாரம் வீரமுத்து மனைவி மக்களுடன் வீட்டுக்கு வந்தார். அண்ணன் இல்லை. வீரமுத்து தம் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அண்ணன்கிட்ட சொல்லிருங்க தங்கச்சி, போயிட்டு வரேன்" என்று சொல்லிப் போனார்.

கம்பெனி கலைந்த அன்று பெரிய கிராணி அண்ணனை உட்காரவைத்துச் சொன்னார்: "தம்பி, உம்மட பங்காளியள் ஆருக்கும் நீர் ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை. அதுக்காகத்தானே லிமிட்டெட் எண்டு பதிஞ்சது."

"சரிங்க ஐயா" என்றார் அண்ணன். படியிறங்கும்போது என்னிடம், "கற்பூரத்தப் பத்தி அவருகிட்ட சொல்லலியே நீ?" என்று கேட்டார்.

"இல்லண்ணே."

"சொல்லாத. சிரிப்பாரு."

அதன் பிறகு அண்ணன் துறைமுகக் கிடங்கில் எடை போடும் வேலைக்குப் போனார். நாள் கூலி. விடிந்ததும் ரயிலேறிக் கிள்ளான் பக்கம் போய், இருட்டும்போது திரும்புவார். ரயில்வேயில் இருந்திருந்தால் ஓய்வூதியம் உண்டு, காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு உண்டு, கூரை உண்டு. இவற்றில் எதையும் நான் அந்தச் செலவுத் தாளில் எழுதியிருக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் அண்ணி மூன்று வீட்டுக்குத் துணி தைத்ததையும் எழுதவில்லை. அண்ணன் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தியதையும் எழுதவில்லை. கேட்டால், "பந்தியில உக்காந்தா யாராச்சும் கம்பெனின்னு ஆரம்பிப்பான்" என்பார்.

ராக்கம்மா அக்கா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்கினார். "சோத்துல கழிச்சுக்கிறேன், வந்து சாப்புடு தம்பி" என்று ஆள் அனுப்புவார். கடைசித் தொகையைக் கொடுத்து முடிக்கும் வரை அண்ணன் அந்த மெஸ்ஸில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முடிந்த அன்று போய் உட்கார்ந்து சாப்பிட்டார். அக்கா பரிமாறிக்கொண்டே அழுதார். கங்காணி எண்ணி வாங்கிக்கொண்டார். அதில் தவறில்லை, அவர் மகளுக்குக் கல்யாணம். சேவியர் வாங்க மறுத்தபோது, அண்ணன் அதை அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தார். இருவரும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

ஒருமுறை நான் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "சட்டம் தெரியாமலா கையெழுத்துப் போட்டீங்க?"

"உனக்குத் தெரிஞ்சிருந்திச்சே, தங்கச்சி. நீயும் அங்கதான நின்ன" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மீதம் இருந்தது வீரமுத்துவின் பங்கும் என் பங்கும். என்னுடையதை விட்டுவிடும்படி சொன்னேன். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வீரமுத்துவுக்குக் கடிதம் எழுதினார். அறந்தாங்கிப் பக்கம் என்பதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஊர் ஊராக எழுதினார். கடிதங்கள் திரும்பி வந்தன.

கிடங்குத் தூசியில் தொடங்கிய இருமல் நெஞ்சில் இறங்கியது. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போகும் என்று நடமாடியே அதை வளர்த்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பதினேழு நாள்தான் மிச்சம் இருந்தது. கடைசி வாரத்தில் ஒருநாள் என்னை அருகில் அழைத்தார்.

"பங்குதாரர் புத்தகத்துல முகவரி எழுத ஒரு கட்டம் இருக்குமே. வீரமுத்துவுக்கு என்ன எழுதின?"

"ராக்கம்மா அக்கா மெஸ்னு எழுதினேன், அண்ணே. அப்ப அங்கதான தங்கியிருந்தாரு."

ஊர் முகவரியையும் கேட்டு எழுத வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அன்று மெஸ்ஸில் எதிரிலேயே உட்கார்ந்திருந்த மனிதரிடம் நான் கேட்கவில்லை. அண்ணன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பரவால்ல. அக்காவுக்குத் தெரியுமான்னு ஒருக்கா கேட்டுப் பாரு."

மூன்று முறை கேட்டிருந்தேன். அதைச் சொல்லாமல், "கேக்குறேண்ணே" என்றேன்.

அண்ணனைக் கடைசிவரை கவனித்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸருக்கும், காரியங்கள் முடியும் வரை எங்கள் வீட்டு அடுப்பைத் தாமே எரித்த ராக்கம்மா அக்காவுக்கும், தோள்கொடுத்துத் தூக்கிய சேவியர் அண்ணனுக்கும், கேரி தீவிலிருந்து படகேறி வந்த கங்காணிக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். சாவு வீட்டுக்கு வந்த பெரிய கிராணியிடம் நான் கற்பூரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இம்மலரின் அச்சுக்கூலியில் பாதியை அவர் ஏற்றுக்கொண்டார். அவருக்கும், இதை வாங்கிப் படிக்கும் உங்களுக்கும் அண்ணியின் சார்பிலும் என் சார்பிலும் வணக்கம்.

இன்றைய நிலை இது. கம்பெனியின் பெயர் பதிவேட்டில் இல்லை. மூவரின் பங்கு முழுதும் சேர்ந்துவிட்டது. என் பங்கு தீர்ந்ததாக நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். வீரமுத்துவின் பங்கில் அண்ணன் சேர்த்துவைத்திருந்தது பாதி. மீதியை நான் போட்டு, முழுத் தொகையும் அஞ்சலகச் சேமிப்பில் என் பெயரில் இருக்கிறது. வீரமுத்துவுக்கு இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு உண்டு. மனைவி பெயர் செல்லாயி, பிள்ளைகள் மூவர். ஊருக்குப் போய்வருபவர்கள் அறந்தாங்கிப் பக்கத்தில் விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முகவரி இன்னும் கிடைக்கவில்லை.