குத்ரோன்

இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. அந்த வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது, ஆனாலும் வருகிறது. இறந்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். அவர் வீட்டில் குடியிருக்காதவர்கள் சொல்வது அது.

எழுபதுகளின் கடைசியில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன ஊரில், உப்பளம் பகுதியில் அவர் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய தளம். மழை வெளியே நின்ற பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் பெய்யும். கார்த்திகையில் என் மனைவிக்கு விழுப்புரத்தில், அவள் அப்பா வீட்டில், பெண் குழந்தை பிறந்தது. மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒழுவற வூட்டுக்குப் பச்சக் கொழந்தைய அனுப்ப மாட்டேன் மாப்பிள. மொதல்ல மேல பாருங்க."

வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிற சொல்தா. நாலு மாதம் கெஞ்சிய பிறகு ஒருநாள் மனமிரங்கினார்.

"மாடிக்கு குத்ரோன் போட்டுடறேன் முசே. அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி ஒழுவாது."

நான் தலையாட்டினேன். 'ஐயா' என்பதற்கு 'முசே' என்பதைத் தவிர எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்பது அந்தத் தெருவில் எனக்கு மட்டுமே தெரியும். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் "அப்படின்னா என்னங்க?" என்று கேட்க முடியுமா? விழுப்புரத்துக்குப் போய், "குத்ரோன் போடறாங்க மாமா, பிரான்சுல அரண்மனைக்கெல்லாம் அதான்" என்றேன்.

"சுண்ணாம்பு மாதிரியா?"

"சுண்ணாம்பு கிட்டயே வராது மாமா."

வேலைக்கு ஆள் வந்த அன்று வாசலில் பீப்பாயை அடுப்பில் ஏற்றி எதையோ கொதிக்கவிட்டிருந்தார்கள். தெருவே இருமியது.

"இது தாராச்சே. குத்ரோன் எப்பப்பா வரும்?" என்றேன் கிண்டிக்கொண்டிருந்தவனிடம்.

"என்னாது சார்?"

சாய்வு நாற்காலியிலிருந்து வீட்டுக்காரர் சொன்னார்: "அதான் முசே இது. தமிழ்ல தாரும்பாங்க."

வாளி வாளியாக மேலே போயிற்று. விரிசலை அடைக்கவில்லை, பாசியைச் சுரண்டவில்லை. சாவுக்கு வந்தவர்கள் காப்பி குடிக்கிற அவசரத்தில் ஊற்றிவிட்டு இறங்கினார்கள். நான் கீழே நின்று வேடிக்கை பார்த்தேன். அந்தக் கோபம் தனி; அது என்மேல்.

சித்திரை கழிந்ததும் மாமனாரே மகளையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு வந்தார். கறுப்புத் தளம் வெயிலை ஒரு துளி வீணாக்காமல் உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது. உத்தரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டோம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். இடது கன்னத்தில் அழகாக ஒரு திருஷ்டிப் பொட்டு.

"பொட்டு நல்லா வச்சிருக்கே."

"நான் வச்சது வலது பக்கம்" என்று எழுந்து வந்தாள் மனைவி.

மூவரும் அண்ணாந்து பார்த்தோம். விரிசலில் அடுத்த பொட்டு மெதுவாக நீண்டுகொண்டிருந்தது. கண்ணுக்கு ஒரு விரல் தள்ளி விழுந்திருக்கிறது முதல் பொட்டு. அவள் குழந்தையை வாரி எடுத்து, தேங்காய் எண்ணெயால் துடைத்துக்கொண்டே அழுதாள்.

கறைபட்ட தூளிச் சேலையோடு முன்கட்டுக்கு ஓடினேன். மாமனாரும் பின்னால் வந்தார். வீட்டுக்காரர் சேலையைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தண்ணியா ஒழுவுது? இல்லியே முசே. நான் சொன்னது தண்ணி."

தொண்டை வரை நல்ல தமிழாக வந்தது. பக்கத்தில் மாமனார் நிற்கிறார். அதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் காதுபட உச்சரிக்க முடியாது. விரலை நீட்டிக் கத்தினேன்:

"குத்ரோன்! நீ ஒரு குத்ரோன்யா! உன் பட்டாளமே குத்ரோன்!"

சொல்தா சேலையைக் கீழே போட்டார். திரும்பும்போது மாமனார் மெல்லக் கேட்டார்: "பிரெஞ்சுல ரொம்பத் திட்டிட்டீங்களா மாப்பிள?"

"ரொம்ப, மாமா."

"வேணும் அவனுக்கு" என்றவர், நேரே போய் ரிக்‌ஷா கொண்டுவந்து பெட்டியை ஏற்றினார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி என்னைப் பார்த்தாள்.

"வேற வூடு பாத்துட்டு வந்து கூப்புடுங்க. தளத்துல என்னா போட்டிருக்காங்கன்னு தமிழ்ல கேட்டுட்டு வாங்க."