வால்குழாயில் கடல்நீர்

1967 ஒக்டோபரில் சூசைப்பிள்ளைக்கு வயது நாற்பத்தெட்டு. அதில் இருபத்தாறு வருடம் திருகோணமலைத் துறைமுகப் பட்டறையில் வெல்டிங் வேலை. மிதவையோ தண்ணீர்த் தாங்கியோ, எதை ஒட்டினாலும் கடலில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். வராவிட்டால்தான் மத்தியானச் சோறு இறங்கும்.

அந்த வருடம் உப்புவெளியில் விஞ்ஞான வாத்தியார் லெஸ்லி, தன் வளவுக் கொட்டிலில் ஒருவர் மட்டும் இருந்து பறக்கும் சிறு விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். இரும்புக் குழாய்ச் சட்டத்தை ஒட்டிக் கொடுத்தவர் சூசைப்பிள்ளை.

"ஒவ்வொரு குழாயிலயும் சின்ன ஓட்டை போட்டு, சூடான லின்சீட் எண்ணெய் ஊத்தி, வடிய விட்டு, ஆணியால அடைக்கோணும். உள்ளுக்குக் கறள் பிடிச்சு இரும்பை அரிச்சா வெளியில தெரியாது அண்ணே" என்று லெஸ்லி திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

அவர் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு காலை, ஓட்டைகள் போடுமுன், சூசைப்பிள்ளை பழக்கதோஷத்தில் வால்சட்டத்தைக் கடலில் அமுக்கினார். ஒரு மூட்டில் குமிழி கிளம்பியது. கரையில் வைத்து மறுபடி ஒட்டியபோது குழாய்க்குள் நீர் சீறியது. கடல்நீரை வைத்தே மூடிவிட்டது அப்போதே தெரிந்தது. ஓட்டை போட்டால் அது வழியும். இருபத்தாறு வருட வெல்டரின் மூட்டு ஒழுகியது என்று பட்டறையே சிரிக்கும். அடைத்ததுபோல் தெரிய ஆணித் தலையொன்றை வெட்டி, ஓட்டையே போடாத அந்தக் குழாயின் மேல் ஒட்டினார். மற்றவற்றுக்கு எண்ணெய் ஊற்றினார்.

அடுத்த மார்ச்சில், முதல் பறப்புக்கு முந்திய சனிக்கிழமை, சூசைப்பிள்ளை கொட்டிலுக்கு வந்தார்.

"வாங்கோ அண்ணே! நாளைக்குச் சீனக்குடா விமானத்தளத்தில மாலையோட நில்லுங்கோ" என்றார் லெஸ்லி.

"பறந்தாப் போடவோ, விழுந்தாப் போடவோ எண்டும் கேட்டுக்கொள்ளுங்கோ" என்று சிரித்தாள் அவர் மனைவி சீலா.

சூசைப்பிள்ளை நேரே போய் வால்சட்டத்தின் மேல் போர்த்தியிருந்த துணியைக் கத்தியால் கீறினார்.

"என்ன அண்ணே, விசரே?"

"துறப்பணத்தைத் தாங்கோ தம்பி. இந்தக் குழாய்க்கு எண்ணெய் ஊத்தேல்லை. உள்ளுக்குக் கடல்தண்ணி. தெரிஞ்சுதான் மூடினனான்."

துளை விழுந்ததும் தேயிலைச் சாயம்போல் தண்ணீர் சொட்டியது. லெஸ்லி தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஐஞ்சு மாசம். எண்ணெய் ஊத்தியாச்சோ எண்டு கேட்ட நேரமெல்லாம் ஓம் எண்டனீங்கள்."

"ஓம் தம்பி."

"நாளைக்கும் ஓம் எண்டிருப்பீங்களோ?"

"ஏலாமப் போச்சு. அதுதான் வந்தனான்."

சீலா சிரிக்கவில்லை. "வீட்ட போங்கோ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விமானம் பறக்கவில்லை. திங்கட்கிழமை கிண்ணியாவிலிருந்து ஜவாஹிர் என்ற வேறொரு வெல்டர் வந்து வால்சட்டத்தை வெட்டி எடுத்தார். புதுக் குழாய்களை ஒட்டும் வேலையும் அவருக்கே போனது.