என் போர்டு மாட்டிய நாள்

அந்தமானின் ரங்கத் பஜாரில் இன்று காலைதான் என் பெயரோடு 'சி.ஏ.' என்று எழுதிய போர்டை மாட்டினேன்.

முதல் ஆளாக வந்தவர் இந்த ஆபீஸ் ரூமை வாடகைக்குத் தந்த ஓனர் அண்ணன். ஹேவ்லாக்கில் ரிசார்ட் நடத்தும் தன் தம்பியின் பேங்க் லோனுக்கான கணக்கறிக்கையை நீட்டினார்.

"ஸீல் மட்டும் மார் தோ மா, காஃபி ஹை. குத்திக் குடுத்தாப் போதும்."

"பில்லெல்லாம் பார்க்காம கையெழுத்துப் போட முடியாதுண்ணே."

அவர் முகம் மாறிவிட்டது.

"பார்த்துப் போடுற ஆளுங்க போர்ட் பிளேர்லயே இருக்காங்க. நம்ம புள்ள பார்க்காம போட்டுக் குடுக்கும்னுதானே அட்வான்ஸ்கூட வாங்காம ரூம் குடுத்தேன்?"

அறிக்கையை என் மேசையிலேயே விட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் வருவாராம். ஸீலைக் கைப்பைக்குள் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ரங்கத்தில் வேறு ரூம் காலியிருந்தால் சொல்லுங்கள். ஓனருக்குத் தம்பி இருக்கக் கூடாது.