நீலப் பெயிண்ட்

கந்தப்பளையில் தேனீ வளர்க்கும் என் நண்பன் தன் தேனீப் பெட்டி ஒன்றைத் தேனீக்களோடு எனக்குச் சும்மாவே தந்தான். "மழைக்கு முந்தி பெயிண்ட் அடிச்சிரு மச்சான்" என்று நீலப் பெயிண்ட் டின்னையும் கையில் கொடுத்தான்.

தோட்டத்தில் நான் இருக்கும் லயத்து வீட்டுக்குப் பின்னால் என் மூன்று பெட்டிகளோடு அதையும் வைத்தேன். ஒரே மாதத்தில் நான்கிலும் தேனீப் புழுக்கள் அழுகிச் செத்தன. பார்க்க வந்த விவசாய அதிகாரி, நண்பன் தந்த பெட்டியைக் கத்தியால் சுரண்டினார். நீலத்துக்கு அடியில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

"இது நோய்ப் பெட்டி. எரிக்கச் சொல்லி நான் போட்ட குறிதாங்க இது. இப்ப எல்லாத்தையுமே எரிக்கணும்" என்றார்.

நண்பனுக்குப் போனில் கோல் எடுத்தேன். "எரிக்க மனசு வரல மச்சான். ஒன் பெட்டிங்களோட வச்சா அந்தத் தேனீங்களும் பொழச்சிரும்னு நெனச்சேன்" என்றான், சாதாரணமாக.

அவனை இன்னும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் இரண்டு தடவை பூசியும் சிவப்பு தெரிந்தபோது, என்ன குறி என்று கேட்காமல் மூன்றாவது தடவையும் பூசியவன் நான்தான்.