சாவியோடு போன அலாரம்

எங்கள் வீட்டுக்கு ஒரே சாவி. விடிகாலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது பூட்டி, எதிர் வீட்டு மேரியக்காவிடம் கொடுத்துவிடுவேன். நைட் ஷிப்ட் முடித்து வரும் கணவர் வாங்கித் திறப்பார். அந்தச் சாவி வளையத்தில்தான், தற்காப்புக்காக வாங்கிய, கொக்கியை இழுத்தால் அலறும் சின்ன அலாரத்தையும் மாட்டியிருந்தேன்.

போன மாதம் நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு நடந்தபோது, பைக்கில் வந்த ஒருவன் மறித்துக் கையைப் பிடித்தான். தோளில் தொங்கிய கைப்பைக்குள் துழாவினேன். அலாரம் இல்லை. சாவியோடு மேரியக்கா வீட்டில் இருந்தது. சாப்பாட்டு டப்பாவை அவன் முகத்தில் அடித்துவிட்டு ஓடினேன். துரத்தி வந்தவன், ஸ்டேஷனில் ஆட்களைப் பார்த்ததும் திரும்பிவிட்டான்.

மறுநாள் அலாரத்தைத் தனியாகக் கழற்ற, பூந்தமல்லியில் ஒரு சாவிக்கடைக்குப் போனேன்.

"இது எதுக்குக்கா? பேனா மாறி ஒண்ணு கீது, உள்ள கத்தி. எவனுக்கும் தெரியாது," என்றார் கடைக்காரர்.

"அத்தப் புடுங்கி என்னையே குத்துவான். இதுக்கே ஒரு கயிறு போட்டுக் குடுப்பா."

"சாவிக்கும் கயிறு போடவா?"

"அது மேரியக்காகிட்டயே இருக்கட்டும்."

இப்போது அலாரம் என் மணிக்கட்டில் இருக்கிறது. தெருவில் இறங்கும்போதே கொக்கியில் விரலை மாட்டிக்கொள்கிறேன். வழியை மாற்றவில்லை.